சொன்னதைச் செய்த சுப்பிரமணிய ஐயர்

முற்போக்கு என்பது முன்னோக்கிச் செல்லுதல். காலத்திற்கு ஒவ்வாத வழக்கங்களைக் களைந்து, மக்கள் யாவரும் நல்வாழ்வு பெறும் நெறியில் அடியெடுத்து வைப்பவனே முற்போக்காளன். இச்சொல் சொல்வோர் நாவுக்கும் கேட்போர் செவிக்கும் இனியது. ஆதலின், தம்மை முற்போக்காளர் என்று கூறிக்கொள்வோர் எக்காலத்தும் பலர். மேடைமீது நின்று பழமையைச் சாடுவது கடினமன்று. பிறர் வீட்டுக் குறையை எடுத்துரைப்பதும் கடினமன்று. அக்குறை தம் வீட்டு வாயிலிலேயே வந்து நிற்கும்போது, அதனைக் களையத் துணிவு பிறக்கின்றதா என்பதே வினா. அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்த பெரியார் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே ஜி. சுப்பிரமணிய ஐயர்.

காவிரி பாய்ந்து வளம் கொழிக்கும் தஞ்சை நாட்டில், இசைக்கும் இறைவழிபாட்டிற்கும் பெயர் பெற்ற திருவையாற்றில், 1855ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆயினும் அவருடைய கல்வி தடைப்படவில்லை. தஞ்சையில் பயின்ற பின்னர்ச் சென்னைக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். பள்ளி ஆசிரியராகப் பணியில் அமர்ந்தார். பிறருக்குக் கற்பித்துக்கொண்டே தாமும் கற்றுப் பி.ஏ. பட்டம் பெற்றார். அமைதியாக ஆசிரியத் தொழிலை நடத்தி, ஊதியம் பெற்று வாழ்ந்திருந்தால், அவரை நாடு அறிந்திராது. ஆனால் 1878ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று அவர் வாழ்க்கையை வேறு வழியில் திருப்பியது.

அவ்வாண்டில் தி. முத்துசாமி ஐயர் என்பவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. வறுமையில் பிறந்து, தம் அறிவாலும் உழைப்பாலும் உயர்ந்த அப்பெருமகனின் நியமனத்தைச் சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள்கள் இகழ்ந்து எழுதின. இந்தியர் ஒருவர் ஆங்கிலேயர்க்குச் சமமாக நீதிபதியின் இருக்கையில் அமர்வதை அவற்றால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அவற்றிற்கு மறுமொழி கூற இந்தியரிடம் ஓர் இதழும் இல்லை. இக்குறையை உணர்ந்து திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் ஒன்றுகூடினர். அவர்களுள் நால்வர் சட்டம் பயிலும் மாணவர், இருவர் ஆசிரியர். அவ்விரு ஆசிரியர்களே 23 வயது நிரம்பிய சுப்பிரமணிய ஐயரும், 21 வயது நிரம்பிய வீரராகவாச்சாரியாரும் ஆவர்.

அவ்விளைஞர்களிடம் ஊக்கம் இருந்தது, பொருள் இல்லை. ஒரு ரூபாய் 12 அணாவைக் கடனாகப் பெற்று, 80 படிகள் அச்சிட்டு, 1878ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள் ‘இந்து’ என்னும் ஆங்கில வார இதழை வெளியிட்டனர். சட்டம் பயின்ற நண்பர்கள் வழக்கறிஞர்களாகித் தத்தம் தொழிலுக்குச் சென்றுவிட்டனர். ஆசிரியப் பொறுப்பைச் சுப்பிரமணிய ஐயரும், அலுவல் பொறுப்பை வீரராகவாச்சாரியாரும் ஏற்றனர். வார இதழாகத் தோன்றிய ‘இந்து’ பின்னர் வாரம் மும்முறை வெளிவந்தது. 1889ஆம் ஆண்டில் நாளிதழாக வளர்ந்தது. அரசாங்கத்தின் தவறுகளை அஞ்சாது எடுத்துக்காட்டும் இதழ் என்று அது பெயர் பெற்றது.

ஐயரின் தொண்டு எழுத்தோடு நிற்கவில்லை. 1884ஆம் ஆண்டில் சென்னை மகாஜன சபை தோன்றுவதற்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1885ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரசின் முதற் பேரவை கூடியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 72 பேராளர் அங்கு வந்திருந்தனர். இந்தியாவின் ஆட்சிமுறையை ஆராய ஒரு குழுவை அமைத்தல் வேண்டும் என்பது அப்பேரவையின் முதல் தீர்மானம். அதனை முன்மொழிந்த பெருமை சுப்பிரமணிய ஐயருக்கே உரியது.

ஆங்கிலம் அறிந்தோர் நாட்டில் மிகச் சிலரே. அவர்களுக்கு மட்டும் எழுதுவதால் நாடு விழித்தெழாது என்பதை ஐயர் உணர்ந்திருந்தார். ஆகவே 1882ஆம் ஆண்டில் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். உழவரும் வணிகரும் நாட்டு நடப்பைத் தம் தாய்மொழியிலேயே அறிவதற்கு அவ்விதழ் வழிவகுத்தது. அரசியலையும் பொருளாதாரத்தையும் எளிய தமிழில் எழுதுதல் அக்காலத்தில் புதிய பணி. அதற்குரிய சொற்களையும் தேடிக்கொள்ள வேண்டிய நிலையில் அவர் அப்பணியை மேற்கொண்டார்.

இவ்வாறு ஆட்சியாளரின் குறைகளை ஆராய்ந்த ஐயர், தம் சமுதாயத்தின் குறைகளைக் காணத் தவறவில்லை. அயலார் நம்மைச் சமமாக நடத்தவில்லை என்று முறையிடும் நாம், நம் வீட்டுப் பெண்களை எவ்வாறு நடத்துகின்றோம் என்னும் கேள்வி அவர் உள்ளத்தை வருத்தியது.

அந்நாளில் உயர்ந்த சாதியினர் என்று தம்மைக் கருதிக்கொண்டோர் குடும்பங்களில், பெண்களுக்குப் பால்ய மணம் செய்விப்பது வழக்கமாக இருந்தது. பொம்மை வைத்து விளையாடும் பருவத்திலேயே சிறுமியர் கழுத்தில் தாலி ஏறிவிடும். நோயினாலோ வேறு காரணத்தினாலோ கணவன் இறந்துவிட்டால், இல்வாழ்க்கை இன்னதென்றே அறியாத அச்சிறுமி கைம்பெண் ஆகிவிடுவாள். அவள் பூச்சூடுதல் கூடாது. நல்லுடை உடுத்தல் கூடாது. மங்கல நிகழ்ச்சிகளில் முன்வந்து நிற்றல் கூடாது. பருவம் வந்ததும் அவளுடைய கூந்தலும் களையப்படும். ஒருவேளை உணவு உண்டு, வீட்டின் ஒரு மூலையில், எஞ்சிய வாழ்நாளை எல்லாம் அவள் கழித்தல் வேண்டும். மனைவியை இழந்த ஆடவனோ, எந்த வயதினனாயினும் மறுமணம் செய்துகொள்ளலாம். அவனைத் தடுப்பார் எவரும் இலர்.

இக்கொடுமையை நீக்க எண்ணிய அறிஞர்கள் முன்னரே தோன்றியிருந்தனர். வங்காளத்தில் ஈசுவர சந்திர வித்தியாசாகர் அரும்பாடு பட்டதன் பயனாக, 1856ஆம் ஆண்டில் கைம்பெண் மறுமணம் சட்டத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சென்னை மாகாணத்தின் ஆந்திரப் பகுதியில் கந்துகூரி வீரேசலிங்கம் என்னும் பெரியார், 1881ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இராசமகேந்திரபுரத்தில் கைம்பெண் மறுமணம் ஒன்றை நடத்திவைத்தார். எனினும் சட்டம் ஏட்டில் இருந்தது. வழக்கமோ வீட்டில் இருந்தது. வீட்டின் கதவைத் திறந்து உள்ளே செல்லும் ஆற்றல் சட்டத்திற்கு இல்லை. மறுமணம் செய்துகொண்டோரையும் அதற்குத் துணைநின்றோரையும் சாதியினர் விலக்கி வைத்தனர். அவர் வீட்டில் உண்ண எவரும் வரமாட்டார். அவர் வீட்டுச் சடங்குகளை நடத்தப் புரோகிதர் இசையமாட்டார். அவர் வீட்டில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் உறவினர் அஞ்சுவர்.

இத்தகைய நிலையில், சீர்திருத்தத்தை விரும்பிய சான்றோர் பலரும் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே தடுமாறினர். மகாதேவ கோவிந்த ரானடே இந்தியாவின் சீர்திருத்தத் தலைவர்களுள் தலைசிறந்தவர், பேரறிஞர், மராட்டிய நாட்டில் கைம்பெண் மறுமணத்திற்காக வாதாடியவர். 1873ஆம் ஆண்டில் அவருடைய முதல் மனைவி இறந்தார். அப்போது அவருக்கு வயது 31. அவர் ஒரு கைம்பெண்ணையே மணப்பார் என்று சீர்திருத்த அன்பர்கள் எதிர்பார்த்தனர். ஆயின், தந்தையாரின் சொல்லை மீற மாட்டாமல், 11 வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் மணந்துகொண்டார். நண்பர்கள் வருந்தினர், பகைவர்கள் எள்ளி நகைத்தனர். அச்சிறுமிக்கு அவரே கல்வி புகட்டினார். இரமாபாய் ரானடே என்னும் பெயருடன் அவ்வம்மையார் பிற்காலத்தில் பெண்களின் முன்னேற்றத்திற்கு அரும்பணி ஆற்றினார். அது ரானடேயின் வாழ்வில் போற்றத்தக்க பகுதி. ஆயினும் 1873ஆம் ஆண்டில் அவர் தளர்ந்ததும் உண்மையே. அத்துணைப் பெரியவரையே தளரச் செய்த வழக்கத்தின் வலிமை எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சியால் நாம் அறிகின்றோம்.

அதே சோதனை சுப்பிரமணிய ஐயருக்கும் வந்தது. அவருடைய மகள் சிவப்பிரியம்மாள் இளம் வயதிலேயே கணவனை இழந்தாள். கைம்பெண்களின் துயரைப் பற்றி ஊரறிய எழுதிவந்தவரின் வீட்டிலேயே ஒரு கைம்பெண்!

அவ்வேளையில் ஐயரின் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, எல்லாரும் நடந்து சென்ற வழி. மகளை வழக்கப்படி மூலையில் அமர்த்திவிட்டு, இதழில் மட்டும் சீர்திருத்தத்தை எழுதிவரலாம். அதனால் உறவும் கெடாது. சீர்திருத்தவாதி என்னும் பெயரும் போகாது. அவ்வாறு செய்தவரை உலகம் பெரிதாகப் பழித்ததும் இல்லை. குடும்பச் சூழ்நிலை என்னும் ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் மறைத்துவிடலாம். மற்றொன்று, தாம் எழுதியதைத் தாமே செய்யும் வழி. அதில் அடிவைத்தால் உற்றார் விலகுவர், சாதியார் ஒதுக்குவர், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் வாழ்வுக்கும் இடர் நேரும். தமக்கு வரும் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளுதல் ஓரளவு எளிது. தம் துணிவால் தம்மைச் சார்ந்தோர்க்கும் துன்பம் வரும் என்று அறிந்தும் துணிதல் அரிதினும் அரிது.

ஐயர் இரண்டாம் வழியையே தேர்ந்தார். 1889ஆம் ஆண்டில் பம்பாயில் காங்கிரசுப் பேரவை கூடியபோது, அந்நகரிலேயே தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். நாடெங்கும் இருந்து தலைவர்கள் வந்து கூடியிருந்த நகரில், ஒளிவு மறைவின்றி அம்மணம் நிகழ்ந்தது. ஓர் இளம்பெண்ணின் வாழ்வு இருளிலிருந்து மீட்கப்பட்டது. நாடெங்கும் உள்ள சீர்திருத்த அன்பர்களுக்கும் அது புதிய ஊக்கத்தைத் தந்தது.

ஐயர் எதிர்பார்த்த இன்னல்களும் தவறாமல் வந்தன. உறவினரும் சாதியினரும் அவரை ஒதுக்கினர். அறிவுடையோர் எனக் கருதப்பட்டவருள்ளும் பலர் அவரைக் குறைகூறினர். அவருடைய அரசியல் கட்டுரைகளை விரும்பிப் படித்தவர்களே, சமுதாயச் சீர்திருத்தத்தைப் பற்றி அவர் எழுதியபோது முகம் சுளித்தனர். ஆங்கிலேயரிடம் உரிமை கேட்பது அவர்களுக்கு உவப்பாயிருந்தது. தம் வீட்டாருக்கு உரிமை கொடுப்பது உவப்பாயில்லை. ஐயர் அதற்காகத் தம் எழுத்தின் கூர்மையைக் குறைத்துக்கொள்ளவில்லை. பால்ய மணத்தை ஒழித்தல் வேண்டும், பெண்களுக்குக் கல்வி அளித்தல் வேண்டும், தீண்டாமையை அகற்றுதல் வேண்டும் என்று தொடர்ந்து வற்புறுத்தினார்.

1897ஆம் ஆண்டில், இந்தியாவின் வரவு செலவுகளை ஆராய அமைக்கப்பட்ட வெல்பி குழுவின்முன் சான்று கூறுவதற்காக, கோகலே, சுரேந்திரநாத் பானர்ஜி, வாச்சா ஆகியோரைப் போன்று ஐயரும் இலண்டனுக்குச் சென்றார். கடல் கடத்தல் தகாது என்று அவர் பிறந்த சமூகத்தார் கருதிவந்த காலம் அது. இந்திய மக்களின் வறுமையை நன்கு ஆராய்ந்து அறிந்திருந்த அவர், நாட்டின் பொருள்நிலை குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் ஒன்று 1903ஆம் ஆண்டில் வெளிவந்தது.

1898ஆம் ஆண்டில், வீரராகவாச்சாரியாருக்கும் அவருக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றியது. இருபது ஆண்டுகள் தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள் பிரிந்தனர். கடன் வாங்கித் தொடங்கி, நாளிதழாகத் தாம் வளர்த்த ‘இந்து’வை விட்டு ஐயர் வெளியேறினார். பின்னர்த் தம் ஆற்றல் முழுவதையும் ‘சுதேசமித்திரன்’ வளர்ச்சிக்கே செலவிட்டார். 1899ஆம் ஆண்டில் அதனை நாளிதழாக்கினார். ஆங்கில இதழின் ஆசிரியராகப் பெரும் புகழ் பெற்றிருந்த ஒருவர், தமிழ் இதழ் ஒன்றை நடத்துவதைத் தாழ்வாகக் கருதாமல் பேறாகக் கருதியதும் ஒரு முற்போக்கே அன்றோ!

1904ஆம் ஆண்டில், மதுரையில் பள்ளி ஆசிரியராக இருந்த இளைஞர் ஒருவரை ஐயர் தம் இதழில் துணையாசிரியராக அமர்த்திக்கொண்டார். அவ்விளைஞரே கவியரசர் சுப்பிரமணிய பாரதியார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் பெயர்த்தெழுதும் பணி பாரதியாருக்குக் கிடைத்தது. அப்பணியின் வாயிலாக உலக அரசியலையும் உரைநடை எழுதும் முறையையும் அவர் நன்கு பழகிக்கொண்டார். பெண் விடுதலையைப் பிற்காலத்தில் முழங்கிய கவிஞர், அவ்விடுதலைக்காகத் தம் வீட்டிலேயே செயல்பட்ட ஆசிரியரிடம் பணிபுரிந்தார் என்பது நினைந்து மகிழத்தக்கது.

முதுமையில் ஐயரைக் கொடிய தோல் நோய் பற்றியது. அந்நிலையிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1908ஆம் ஆண்டில், அரசுக்கு எதிராக எழுதினார் என்னும் குற்றச்சாட்டின்மேல் அவர் கைது செய்யப்பட்டார். நோயால் நலிந்திருந்த அவர், நன்னடத்தைக்கு உறுதி கூறிய பின்னர் விடுதலை பெற்றார். அவருடைய வீரத்தைப் போற்றுவோர் இந்நிகழ்ச்சியை மறைத்தல் வேண்டுவதில்லை. மனிதர் எவரும் எல்லா நாளும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ரானடேயின் தளர்ச்சியைப் பொறுமையோடு நோக்கும் நாம், ஐயரின் தளர்ச்சியையும் அவ்வாறே நோக்குதல் முறை. நோயின் கொடுமையால், 1915ஆம் ஆண்டில் ‘சுதேசமித்திரன்’ பொறுப்பை அ. ரங்கசாமி ஐயங்காரிடம் அவர் ஒப்படைத்தார். 1916ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 18ஆம் நாள், தமது 61ஆம் வயதில் உலகவாழ்வை நீத்தார்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே, அவர் வேண்டியவற்றுள் சில சட்ட வடிவம் பெற்றன. பால்ய மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஐயர் தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 40 ஆண்டுகள் கடந்திருந்தன. அச்சட்டம் வருவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்னரே, தாம் எழுதிய சீர்திருத்தத்தை ஒரு தந்தை தம் இல்லத்தில் செயலாக்கினார். முன்னே செல்லுதல் என்னும் சொல்லின் பொருள் இதுவே.

முற்போக்காளர் என்பது நாம் நமக்கு இட்டுக்கொள்ளும் பட்டமன்று. அப்பெயரைச் சூட்டிக்கொள்ளப் பொருட்செலவு இல்லை; அதனால் உறவும் கெடுவதில்லை. அப்பெயருக்கேற்ப நடக்க முற்படும்போதுதான் அதன் விலை தெரியும். அவ்விலையைப் பிறரைக் கொடுக்கச் சொல்லுதல் முறையன்று. நாமே கொடுத்தல் வேண்டும். சுப்பிரமணிய ஐயர் எழுதிய கட்டுரைகள் பல. அவற்றைப் படித்தோரும் பலர். அவை பழைய தாள்களில் உறங்குகின்றன. ஆனால் ஒரு சிறுமியின் கண்ணீரைத் துடைக்கச் சாதி முழுவதையும் எதிர்த்து நின்ற அத்தந்தையின் செயல், உறங்காமல் நம்மை நோக்கி வினவிக்கொண்டே இருக்கின்றது. நீ சொல்வதை உன் வீட்டில் செய்வாயா என்பதே அவ்வினா. அதற்கு ஆம் என்று செயலால் விடை கூறுவோரே முற்போக்காளர் என்னும் பெயருக்கு உரியவர்.